அடைமுட்டைக்குள் அடித்த இதயம்

என் மனுசனுக்கு மாரடைப்பு வந்து, யாழ்ப்பாணத்தில் வைத்தியம் முடிந்து எங்கள் தீவான வேலணைக்குத் திரும்பிய பிறகு, அவர் விறாந்தைக் கதிரையை விட்டு எழும்பவேயில்லை. தினமும் நடக்கச் சொல்லித்தான் டொக்டர் அனுப்பினார். இவரோ குளிக்கப் போகவும் என் தோளைப் பிடித்தார். புகையிலைத் தோட்டம் செய்த மனுசன்! எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

பிறகுதான் விளங்கியது, இதயத்தை அவர் எங்கள் வளவுக் கிணறு மாதிரி நினைத்திருந்தார். தீவுக் கிணற்றில் நல்ல தண்ணீர் மேலே கொஞ்சமாகத்தான் நிற்கும். ஆசைப்பட்டு அள்ளினால் உவர் ஏறிவிடும். அதனால் இதயத்தையும் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிறாராம். எதுவரைக்கும்? பழுதான இதயத்துக்குள் ஸ்டெம் செல் என்கிற இளங்கலங்களை விட்டுப் புதுத் தசை வளர்க்க ஆராய்கிறார்கள் என்று கனடாவிலிருந்து மகன் வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். அந்த வைத்தியம் இங்கே வந்து சேரும்வரைக்கும் ஆடாமல் அசையாமல் இருப்பதாக முடிவு. நான் ஊர்காவற்றுறையில் உயிரியல் படிப்பிக்கிற ரீச்சர். என் வீட்டிலேயே இந்தக் கூத்து!

ஏசியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். அசையவில்லை. அந்த நேரம் குசினிக்குப் பின்னால் எங்கள் கோழி அடைகிடந்தது. முட்டைக்குள் குஞ்சின் முளையம் வளர்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. அடைகிடந்த மூன்றாம் நாள் காலை, கோழியிடம் நாலு கொத்து வாங்கி ஒரு முட்டையை எடுத்துவந்து, பஞ்சு விரித்த கிண்ணத்தில் வைத்து, கோதின் மேல்பக்கத்தில் சின்னக் கத்தரிக்கோலால் ஒரு யன்னல் வெட்டினேன்.

ஐயோ, கத்திவிட்டேன்! மஞ்சட்கருவின் மேல் நூல் போன்ற சிவப்புக் கோடுகள். நடுவில் கடுகளவு ஒரு புள்ளி. அது துடிக்கிறது! எத்தனையோ வருடம் கரும்பலகையில் வரைந்த சங்கதி, இப்போது என் கண்முன்னே! கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு ஓடினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக் குனிந்தார். நான் மூச்சு விடாமல் சொன்னேன். இதயமாகப் போகிற முன்னோடிக் கலங்கள் முதலில் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கும். பிறகு நகர்ந்து வந்து நடுவில் சேர்ந்து ஒரு குழாயாகும். அது வளைந்து அறைகளாகும். பெரிய புதினம் என்னவென்றால், ஓடக் குருதி வருமுன்பே அது துடிக்கத் தொடங்கிவிடுகிறது. அந்தத் துடிப்பும் பிறகு வரும் குருதியோட்டமும் இல்லாவிட்டால் அறைகள் ஒழுங்காக உருவாகா.

"அப்ப, வேலை செய்து செய்துதான் வளருதோ?"

"ஓம்."

கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார். "எனக்குள்ளயும் உந்தக் கலங்கள் மிச்சம் இருக்கோ?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். வளர்ந்த இதயம் புதுத் தசையை மிகக் கொஞ்சமாகத்தான் உண்டாக்கும். செத்த இடத்தை நிரப்ப அது காணாது. அங்கே வருவது தழும்பு.

"செத்த இடம் திரும்பி வராதப்பா," என்றேன். "அந்த வைத்தியம் எப்ப வருமெண்டு ஆருக்கும் தெரியாது. மிச்சமிருக்கிறது நல்லாய் இருக்கு. அதை வேலை செய்ய விடுங்கோ."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். கோதில் வெட்டிய யன்னலை ரேப் போட்டு ஒட்டி, முட்டையைத் திரும்பக் கோழிக்குக் கீழே வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். இருந்த ஒரு நம்பிக்கையையும் முறித்துவிட்டேனே என்று நாள் முழுக்க மனம் அடித்துக்கொண்டது.

பின்னேரம் வந்து பார்த்தால் கதிரையில் ஆளில்லை. கிணற்றடியிலும் இல்லை, தோட்டத்திலும் இல்லை. அவர் சாட்டிக் கடற்கரைப் பக்கம் நடந்து போனதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். சாட்டி எங்களுக்கு நடக்கிற தூரம்தான், ஆனாலும் அவருக்கு? செருப்பும் போடாமல் ஓடினேன்.

கடற்கரையில் நின்றார். சேர்ட் வேர்வையில் நனைந்திருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு. ஏச வாயைத் திறந்தேன், மூச்சு வாங்கியதில் ஒரு சொல்லும் வரவில்லை. அவர் என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்தார். உள்ளே நல்ல பலமாக அடித்தது.

"மிச்சமிருக்கிறதுதான் இவ்வளவு தூரம் கொண்டுவந்தது," என்றார். "நீர் ஏன் ஓடி வந்தனீர்? ஆறுதலாய் நடவும். உம்மட நெஞ்சும் எனக்கு வேணும்."