சங்கீதா எழுதிய டோட்டம் பலகை

பிரம்மதேசத்துச் சங்கீதா பி.ஏ. ஆங்கிலம் படித்தவள். மரக்காணம் உப்பளங்களை ஒட்டி பாலகுரு கட்டிய ரிசார்ட்டில் அவளுக்கு வரவேற்பாளர் வேலை. உப்பை விற்பதைவிட உப்பளத்தை வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு அறை விடுவது லாபம் என்று கண்டுகொண்ட நாளிலிருந்து பாலகுரு தன்னைக் கலாரசிகர் என்று சொல்லிக்கொண்டார். வேறு யாரும் சொல்லவில்லை.

கனடாவுக்கு டூர் போனவர் கைபேசியில் ஒரு செல்ஃபியோடு திரும்பினார். பின்னால், ஒரே மரத்தில் செதுக்கிய பறவையும் மிருகமும் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. பொம்மையார்பாளையத்தில் மரச்சிற்பம் செய்யும் அர்ச்சுனனை வரவழைத்து, அதே மாதிரி இருபதடிக்கு ஒன்று வேண்டும் என்றார்.

"இது இன்னா சாமி சார்?"

"டோட்டம் போல்பா. நீ செதுக்கு, அர்த்தமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

அர்ச்சுனன் கருடன் செதுக்கிப் பழகியவன். உச்சியிலிருந்த பறவை கருடனாகவே வந்தது. நடுவிலிருந்த மிருகம் இன்னதென்று பிடிபடாததால் யாளிக்கும் நாய்க்கும் இடையில் ஏதோ ஒன்றாயிற்று. படத்தின் கீழ்ப்பகுதியைப் பாலகுருவின் தலையே மறைத்திருந்தது. அந்த இடத்தில் ஒரு தாமரையை வைத்து முடித்துவிட்டான்.

அர்த்தம் எழுதும் பொறுப்பு சங்கீதாவிடம் வந்தது.

"எனக்கு இதப்பத்தி ஒண்ணும் தெரியாதுங்க சார்."

"எனக்கு மட்டும் தெரியுமா? வர்றவனுக்கும் தெரியாது. இங்கிலீஷ்ல அடிச்சி உடும்மா."

கம்பத்தடியில் ஒரு பலகை வைத்து அடித்துவிட்டாள். பறவை செல்வம், மிருகம் தைரியம், தாமரை மன அமைதி. மூன்று முறை சுற்றினால் நினைத்தது நடக்கும். சென்னையிலிருந்து வந்த ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி, மேனேஜர் முன்னே நடக்க, வரிசையாகச் சுற்றியது. தோட்ட வேலை செய்யும் சாலம்மாள் வெள்ளிக்கிழமைதோறும் குங்குமம் வைத்தாள். "எந்தச் சாமியா இருந்தா இன்னா, வச்சா கொறஞ்சா பூடும்?"

போன தை மாதம் கனடாவின் மேற்குக் கடற்கரையிலிருந்து ஒரு பெண்மணி வந்து தங்கினார். தோழியின் மகளுக்குப் புதுச்சேரியில் கல்யாணம். இத்தகைய கம்பங்களை நடும் பூர்வகுடியைச் சேர்ந்தவர். அவர் தம்பி கம்பம் செதுக்குபவர். பலகையைக் கடைசிவரை படித்தார். சிரிக்கவில்லை. அதுதான் சங்கீதாவுக்குப் பயமாக இருந்தது.

"இது எந்தக் குடும்பத்தின் கம்பம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எங்கள் முதலாளியுடையது."

"இந்தப் பறவை அவர் குடும்பத்துக்கு எப்படி வந்தது?"

"போனில் வந்தது" என்றாள் சங்கீதா.

அவர் நிதானமாகச் சொன்னார். கம்பம் சாமி இல்லை. யாரும் அதைக் கும்பிடுவதில்லை. ஒரு குடும்பம் எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன நேர்ந்தது என்று ஊரறியச் சொல்வது அது. ஒவ்வோர் உருவமும் ஒரு குடும்பத்தின் உரிமை; அடுத்தவர் தொடக்கூடாது. தம்பி செதுக்கிய கம்பத்தின் படத்தைக் காட்டினார். நேரான அலகு இருந்தால் அண்டங்காக்கை, வளைந்த அலகு இருந்தால் கழுகு, பெரிய இரண்டு முன்பற்கள் இருந்தால் பீவர் என்ற மரம் கொறிக்கும் பிராணி. கண்களைச் சுற்றி ஓடிய கறுப்புக் கோடு எங்குமே அறுபடாமல், ஓர் இடத்தில் தடித்தும் ஓர் இடத்தில் மெலிந்தும், அடுத்த உருவத்துக்குள் போனது. ஒன்றின் காதுக்குள் இன்னொன்றின் முகம் இருந்தது. சங்கீதா முதன்முறையாக ஒரு கம்பத்தைப் பார்த்தாள்.

"அடியில் இருக்கும் உருவத்தைத்தான் பல சமயம் மூத்த சிற்பியே செதுக்குவார். எல்லார் கண்ணிலும் படுவது அதுதானே" என்றார்.

சங்கீதா தாமரையைப் பார்த்துக் கூசினாள். யாரோ ஒருவரின் கல்யாணப் பத்திரிகையில் பேர்களை அழித்துவிட்டு, இதைச் சுற்றினால் அதிர்ஷ்டம் என்று வாசலில் மாட்டியது போலிருந்தது.

"பலகையை எழுதியது நான்தான். மன்னித்துவிடுங்கள்."

"தப்புச் செய்தவரை ஊரார் கேலி செய்வதற்கென்றே நடும் கம்பமும் உண்டு" என்றார் அந்தப் பெண்மணி. "பார்த்ததும், இது அதுதானோ என்று நினைத்தேன்."

மறுநாள் புதுப் பலகை ஏறியது. 'இது வேறொரு மக்களின் கம்பத்தைப் போனில் பார்த்துச் செய்த நகல். அது யாருடைய கதை என்று எங்களுக்குத் தெரியாது. கேட்காமல் எடுத்தோம். கீழ்ப்பகுதி தெரியாததற்குக் காரணம் எங்கள் முதலாளியின் தலை. முன்பு எழுதியிருந்த அர்த்தங்கள் என் கற்பனை. சங்கீதா.'

விருந்தினர்கள் முன்னைவிட அதிகமாகப் படம் எடுத்தார்கள். ஆங்கிலம் என்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்பிய பாலகுரு, பலகைக்குப் பக்கத்தில் நின்று சிரித்தபடி நாலைந்து படங்களுக்குப் போஸ் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து அவருடைய சம்பந்தி அதை எல்லார் முன்னாலும் தமிழில் வாசித்துக் காட்டினார்.

"இன்னாம்மா எழுதி வச்சிருக்கே?"

"நடந்தத எழுதினேங்க சார்."

"நடந்தத எழுதவா சம்பளம் குடுக்கிறேன்?"

"பலகைய எடுத்தா கம்பத்தையும் எடுத்துடுங்க சார்."

அவர் இரண்டையும் எடுக்கவில்லை, அவளை எடுத்தார். பலகையில் சங்கீதா என்ற பேரை மட்டும் சுரண்டிவிட்டார்கள். மீதியை யாரும் மாற்றி எழுதவில்லை, எழுதத் தெரிந்தவள் போய்விட்டதால். சங்கீதா இப்போது திண்டிவனத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறாள். அந்தப் பெண்மணி தம்பியின் புதுக் கம்பம் நிமிர்ந்த நாளின் வீடியோவை அனுப்பியிருந்தார். ஊரே கயிறு பிடித்து இழுத்தது. வரிசையில் நின்றவர்களைக் காக்கவைத்துவிட்டு அவள் அதை முழுசாகப் பார்த்தாள்.