காய்ச்சல் விட்ட நாள்

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. எண்பதுகளின் தொடக்கம். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. போடியில் என் கணவரின் அண்ணன் குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில் இருந்தோம். ஏலக்காய் எடுப்புக் காலத்தில் அண்ணன் தம்பி இருவரும் மலைத் தோட்டத்திலேயே தங்கிவிடுவார்கள். சனிக்கிழமைதான் ஜீப்பில் இறங்குவார்கள். மற்ற நாட்களில் நானும் என் ஓரகத்தியும் பிள்ளைகளும்தான். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

நான் மதுரையில் பி.யு.சி. வரை படித்துவிட்டு வந்தவள். எதற்கும் ஒரு காரணம் தேடுவேன். காரணம் கிடைத்ததும் அது சரிதானா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும். வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் அண்டா, டிரம், பழைய வாளி, ஓட்டை அடைத்த குடம் என்று முற்றத்தில் இருந்த எல்லாவற்றையும் நிரப்பி வைப்பேன். "வைகையவே இங்க தேக்கிருவ போலருக்கே" என்பார் அக்கா. குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சி, வடிகட்டி, மூடி வைப்பேன். மற்றதை மூடவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒரு திங்கட்கிழமை குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. வெளிச்சத்தைப் பார்த்தால் கண் வலிக்கிறது என்று முகத்தை என் மடியில் புதைத்துக்கொண்டாள். கால் வலிக்கிறது என்று அழுதாள். முந்தின வாரம் அப்பாவோடு தோட்டத்துக்குப் போய் வந்திருந்தாள். காதுக்குப் பின்னால் கடித்திருந்த உண்ணியை நானே பிடுங்கிப் போட்டேன். அந்த உண்ணியால் வந்த காய்ச்சலோ என்று ஒரு பயம். மலைக் கொசுவாக இருக்குமோ என்று இன்னொரு பயம். வீட்டு முற்றத்தின் மேல் மட்டும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. இரண்டாம் நாள், வலியாவது குறையட்டும் என்று கடையில் விற்கும் தலைவலி மாத்திரையில் பாதியைத் தேனில் குழைத்துக் கொடுத்தேன். கொடுத்த கையோடு, கொடுத்திருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

வியாழக்கிழமை காலையில் உடம்பைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. மார்பிலும் கையிலும் சிவப்பு சிவப்பாகத் தடித்திருந்தது. அக்கா வந்து பார்த்தார். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா வந்திருக்கா. இனி யாரும் மருந்து கிருந்துன்னு பேசக் கூடாது."

அரை மணி நேரத்தில் வாசலில் வேப்பிலை தொங்கியது. அடுப்பில் தாளிப்பு நின்றது. தலை சீவக் கூடாது, வெளியாள் உள்ளே வரக் கூடாது, அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை படி தாண்டக் கூடாது. எனக்கு அது ஆறுதலாகவே இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். காய்ச்சலும் விட்டுவிட்டது. அம்மை என்றால் உண்ணி, கொசு, மாத்திரை எதுவுமே என் தப்பு இல்லை. ஆத்தா அவளாக வந்தாள், அவளாகப் போவாள்.

ஆனால் பத்து மணிக்குக் குழந்தை வாந்தி எடுத்தாள். வயிறு வலிக்கிறது என்றாள். உள்ளங்கை சில்லென்று இருந்தது. "அது ஆத்தாவோட குளுமைதான்" என்றார் அக்கா. நானும் ஆமாம் என்றேன். மறுபடி தொட்டுப் பார்த்தேன்.

மதியம் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. வீடு வீடாகக் காய்ச்சல் விசாரித்து, விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் போகும் மலேரியா ஊழியர். பக்கத்துச் சிலமலை ஊர்க்காரர், நாற்பது வயதிருக்கும். வேப்பிலையைப் பார்த்துச் செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டார்.

"யாருக்குத்தா அம்மை?"

"சின்னப் பிள்ளைக்கு. ஊசி கீசின்னு உள்ள வந்துராதீக" என்றார் அக்கா.

"வரல ஆத்தா, இங்கனயே நிக்கேன். எத்தன நாளாக் காய்ச்ச?"

நான்தான் சொன்னேன். திங்கள் தொடங்கி இன்று காலை விட்டது என்று. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, சந்து வழியாகப் போய் முற்றத்தை மட்டும் பார்த்துக்கொள்ளவா என்று கேட்டுப் போனார். டிரம்முக்குள் டார்ச் அடித்தவர் என்னைக் கூப்பிட்டார். குட்டிக் குட்டிப் புழுக்கள் தலைகீழாகத் தொங்கி, வெளிச்சம் பட்டதும் நெளிந்து கீழே போயின. அண்டாவிலும் இருந்தன. வாளியிலும் இருந்தன.

"இது பகல்ல கடிக்கிற கொசுத்தா. பிள்ளைக்குத் தடிச்சிருக்கே, அதுல நீர் கோத்து முத்து முத்தா இருக்கா?"

"இல்லை. வெறும் சிவப்புதான்."

"கை காலு?"

"சில்லுன்னு இருக்கு."

அவர் டார்ச்சை அணைத்தார். "நான் டாக்டரு இல்ல. ஆனா போன மாசம் ராசிங்காபுரத்துல ஒரு பிள்ளைக்கு இதே மாரி காய்ச்ச விட்டுச்சு. விட்டுருச்சேன்னு வீட்டுல இருந்துட்டாக. காய்ச்ச விட்ட அன்னைக்குத்தான் பயமே. வெரசாக் கொண்டு போங்க."

அந்தப் பிள்ளை என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

ஆத்தா இருக்கிற பிள்ளையைப் படி தாண்டித் தூக்கிப்போய் ஏதாவது ஆகிவிட்டால், படித்த திமிரில் செய்தாள் என்பார்கள். போகாமல் ஏதாவது ஆகிவிட்டால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். நான் மட்டும் சொல்லிக்கொண்டே இருப்பேன். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். குழந்தையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். ஈறில் ரத்தம் கசிந்திருந்ததை அவர்தான் முதலில் பார்த்திருக்கிறார்.

"என்ன நிக்கிற? கோவிச்சா ஆத்தா எங்கிட்டக் கோவிச்சுக்கிறட்டும். நாந்தான தூக்குறேன். செருப்பப் போடு."

தெருமுனையில் ஏலக்காய் லோடு இறக்கிக்கொண்டிருந்த ஜீப்பை மலேரியாக்காரரே நிறுத்தி வைத்திருந்தார். டிரைவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்; மற்றப் பிள்ளைகளை அவர் மனைவி பார்த்துக்கொண்டார். குழந்தை இடுப்பில் செருகியிருந்த வேப்பிலைக் கொத்தைப் பார்த்துவிட்டு, "என்ன மதினி, ஆத்தாளையே ஜீப்புல ஏத்திட்டீக" என்றார்.

"ஆத்தா என்ன நடந்தா வருவா? ஓட்டுய்யா வெரசா."

பெரியாஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். குழந்தையின் சின்னக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துச் சில நிமிடம் அப்படியே வைத்திருந்தார். அவிழ்த்ததும் பட்டைக்குக் கீழே ஊசி குத்தினாற்போலச் சிவப்புப் புள்ளிகள் நிறைய. தோலுக்கடியில் ரத்தம் கசிகிறது என்றார். மருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். மறைத்துவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். பிறகு மாத்திரையைப் பற்றிச் சொன்னேன்.

"அது ரத்தக் கசிவைக் கூட்டும். இனிமேல் கொடுக்காதீர்கள். சொன்னது நல்லது" என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கொசு கடித்துப் பரவும் வைரஸ் காய்ச்சல், டெங்குவாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல இங்கே சோதனை வசதி இல்லை, இதற்கென்று தனி மருந்தும் இல்லை என்று எனக்குப் புரியும்படி சொன்னார். உடம்புக்குள் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். குளுக்கோஸ் பாட்டிலை மாட்டினார்கள்.

"கடைசியாக எப்போது சிறுநீர் போனாள்?"

எனக்குத் தெரியவில்லை. கொதிக்கவைத்த தண்ணீரின் நிமிடம் வரை கணக்கு வைப்பவளுக்கு அது தெரியவில்லை. "வெடிய முன்ன போனா" என்றார் அக்கா. "போனதும் எனக்குச் சொல்லுங்கள். அதைத்தான் எதிர்பார்க்கிறேன். போனால் உடம்பு தேறுகிறது என்று அர்த்தம்" என்றார் டாக்டர்.

அதன்பின் பெய்த மழையில் பாதை அடைபட்டு மலையிலிருந்து அண்ணன் தம்பி இருவராலும் இறங்க முடியவில்லை. மாலையில் மலேரியாக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று விசாரித்துவிட்டுப் போனார். எங்கள் அண்டா குண்டா எல்லாவற்றையும் கவிழ்த்து, தேங்காய் நாரால் தேய்த்துக் காயவைத்துவிட்டாராம். அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். "பிள்ளையப் பாருத்தா" என்று சைக்கிளை எடுத்தார்.

மறுநாள் விடிந்த பிறகும் குழந்தை கண்ணைத் திறக்காமல் என் மடியில் கிடந்தாள். அக்கா அவள் பாதங்களை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது பாட்டில் முடியும் நேரம். என் மடி திடீரென்று சூடாக நனைந்தது. புடவை, பாவாடை எல்லாம் தாண்டித் தொடைவரை ஈரம்.

"அக்கா" என்றேன்.

அவர் பதறி எழுந்து பார்த்தார். புடவையைத் தொட்டார். என்னைப் பார்த்தார். "போயிருச்சா? நெறையவா?" என்று கேட்டுக்கொண்டே, பதிலுக்கு நிற்காமல், "டாக்டரம்மா! டாக்டரம்மா! பிள்ள மூத்திரம் போயிருச்சு!" என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டு ஓடினார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் அந்த ஈரத்தோடேயே அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.