எல்லாம் அடிபட்ட பிறகு மிஞ்சுவது

என் வீட்டுக்காரருக்குக் கணக்குச் சொல்லித்தர வராது. வராது என்பது அவருக்குத் தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஊர் அங்கன்வாடியில் நான் உதவியாளர். உப்புமா கிண்டி, முட்டை அவித்து, பிள்ளைகளுக்கு வாய் துடைத்துவிடுகிற வேலை. பத்தாவது பாஸ் செய்திருந்தால் டீச்சர் வேலைக்கு எழுதிப் போடலாம். நானோ பள்ளிக்கூடத்திலேயே கணக்கில் கோட்டை விட்டவள். பக்கத்து ஊர் அங்கன்வாடி டீச்சர் ரிட்டையர் ஆகப்போகிறார் என்று தெரிந்ததும், இதை விட்டால் நமக்கு வேறு வழி கிடையாது என்று தனித்தேர்வுக்கு விண்ணப்பித்தேன்.

"கணக்கா? அத நான் பாத்துக்கறேன் வுடு" என்றார் அவர்.

அவருக்குப் பாகூர் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை எண்ணுகிற வேலை. லாரியிலிருந்து ஒரு மூட்டை இறங்கினால் சுவரில் மேல்வரிசையில் சாக்பீஸால் ஒரு கோடு. அது குடோனுக்குள் போய்ச் சேர்ந்தால் கீழ்வரிசையில் ஒரு கோடு. சாயங்காலம் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஜோடி சேர்த்து அடித்துக்கொண்டே வருவார். ஒன்றும் மிஞ்சாவிட்டால் கணக்கு நேர், வீட்டுக்குக் கிளம்பலாம். வருஷக்கணக்காக அப்படி அடித்துப் பழகிய கை அது.

அந்தக் கையில் என் புத்தகம் கிடைத்தது. நடுவில் கோடு, கோட்டுக்கு மேலே கொஞ்சம் எக்ஸ், கீழே கொஞ்சம் எக்ஸ், ‘சுருக்குக’ என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் மனுஷருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அடிப்பாவி, இது நம்ம மில்லு கணக்குடி. இதுக்கா பயந்துகினு கெடந்த?"

முதல் கணக்கில் மேலே எக்ஸ் கூட்டல் ஆறு, கீழே எக்ஸ் கூட்டல் இரண்டு. மேல் எக்ஸையும் கீழ் எக்ஸையும் அடித்தார். ஆறை இரண்டால் வகுத்து மூன்று என்றார். அவ்வளவுதான், முடிந்தது என்று டீ கேட்டார்.

எனக்கு உறுத்தியது. எக்ஸுக்குப் பதிலாக இரண்டைப் போட்டுப் பார்த்தேன். மேலே எட்டு, கீழே நாலு. விடை இரண்டு வருகிறது. மூன்று எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "எக்ஸ எக்ஸாவே வெச்சுக்க. நீ ஏன் நம்பர போட்டுக் கொழப்புற?" என்றார். இந்த மனுஷரிடம் என்ன பேசுவது?

மறுநாள் மதியம் பிள்ளைகள் தூங்கியதும், அங்கன்வாடியிலேயே உட்கார்ந்து அந்தப் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கூட்டலில் கோத்துக் கிடப்பதைத் தனியாகப் பிடுங்கி அடிக்கக் கூடாது. முதலில் காரணிகளாகப் பிரிக்க வேண்டும். பிரித்துப் பெருக்கலாக எழுதிய பிறகு, ஒரே காரணி மேலேயும் கீழேயும் முழுசாக இருந்தால்தான் அடிக்கலாம். இதைக் கண்டுகொள்ள எனக்கு ஒரு மதியம் போதுமானதாக இருந்தது. அவருக்குப் புரியவைக்கத்தான் ஆயுசு போதாது.

ஒருவழியாகக் காரணி விஷயத்தில் இறங்கி வந்தார். அதற்குள் அடுத்த சண்டை ஆரம்பித்தது. ஒரு கணக்கில் பிரித்துப் பார்த்தால் மேலே உள்ள இரண்டு காரணிகளும் அப்படியே கீழேயும் இருந்தன. எல்லாம் அடிபட்டுவிட்டது. நான் ஒன்று என்று எழுதினேன்.

"இன்னாடி இது, எல்லாம் அடிபட்டுப் பூட்ட அப்புறம் ஒண்ணு எங்கருந்து வந்துச்சு? சைபர் போடு."

"பத்து முட்டை, பத்துப் புள்ள. தலைக்கு எத்தினி?"

"ஒண்ணு."

"அதான்யா இதுவும்."

"முட்ட வேற, எக்ஸ் வேற."

பரீட்சை வரும்வரை வீட்டில் தினமும் இதே பாட்டுதான். சோறு போடும்போது சைபர், துணி காயப்போடும்போது சைபர். "ஒண்ணு கிண்ணு போட்டுட்டு வந்து நிக்காத" என்று தெரு கேட்கக் கத்துவார். நான் பாஸாவதைப் பற்றி என்னைவிட அவருக்குத்தான் தூக்கமில்லை. அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்ததால் திட்டக்கூட முடியவில்லை.

பரீட்சை வில்லியனூரில். அந்த மாதிரிக் கணக்கு ஒன்று வரத்தான் செய்தது. அதில் கடைசியில் இருந்த ஆறை இரண்டும் மூன்றுமாகப் பிரித்து, காரணிகளை அடைப்புக்குறிக்குள் எழுதி, மேலும் கீழும் அடித்து, நிதானமாக ஒன்று என்று எழுதிக் கீழே கோடும் போட்டேன்.

மில்லுக்கு லீவு போட்டுவிட்டு, பரீட்சை நடந்த பள்ளிக்கூட வாசலில் காத்திருந்தார்.

"எல்லாம் அடிபடற கணக்கு வந்துச்சா?"

"வந்துச்சு."

"சைபர் போட்டியா?"

"ஒண்ணு போட்டேன்."

அப்படியே மதகுக் கட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "போச்சு. மில்லுல அத்தினி பேருகிட்டயும் எம் பொஞ்சாதி டீச்சர் ஆவப்போறான்னு சொல்லிட்டேனேடி" என்றார். குரல் உடைந்துவிட்டது. சரியாக எழுதிவிட்டு வந்த நான், கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்து அவரைத் தேற்றி வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

ரிசல்ட் வந்தது. பாஸ். தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். இனியாவது ஒப்புக்கொள்வார் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை என்னை வில்லியனூர் கோயிலுக்குக் கூட்டிப்போய் அர்ச்சனைத் தட்டை நீட்டினார். குருக்கள் பேர், நட்சத்திரம் கேட்டார்.

"தெரியாது சாமி. எம் பொஞ்சாதி கணக்குப் பேப்பர திருத்துனவங்க பேருக்குப் பண்ணுங்க. தப்பா எழுதியும் மார்க் போட்டிருக்காங்க, மகராசி."

குருக்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் எழுதியது சரிதான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

அதைப் பார்த்துவிட்டு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுவாதடி, அதான் பாஸ் பண்ணிட்டியே" என்றார்.