ஹார்வி, இங்கேயே நில்லுங்கள்

காய்கனிகளை ஜாடியில் அடைத்துவைப்பது பற்றி வெர்னெட் சோல்பர்க் எழுதும் வலைப்பூவுக்கு வருகிறவர்கள் ஒரு பக்கம் படித்துவிட்டுப் போய்விடுவார்கள். வெள்ளரிக்காய் ஊறுகாய்க்கு எவ்வளவு வினிகர் என்று கேட்டு வந்தவர், தெரிந்ததும் கிளம்பிவிடுவார். பதினோரு வருஷமாக அவளுக்கு அது குறையாகத் தெரியவில்லை. வடக்கு மின்னசோட்டாவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறுகிறவள் அவள். தட்டு நிரம்பினால் பிள்ளை நகர வேண்டும். அவள் அறிந்த ஒழுங்கு அதுதான்.

கூட வேலை பார்க்கும் காரினுக்கு அந்த ஒழுங்கு பிடிக்கவில்லை.

"உன் பிளாக்ல இருநூத்திப் பதினாலு பதிவு இருக்கு, வெர்னெட். ஒண்ணுக்கொண்ணு பேசிக்கறதே இல்ல. சண்டை போட்ட சொந்தக்காரங்க கல்யாணத்துல ஆளுக்கொரு மூலையில உக்காந்த மாதிரி இருக்கு."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"லிங்க் போடு. ஊறுகாய் படிக்கறவங்கள ஜாடி கழுவற பதிவுக்கு அனுப்பு. அங்கேர்ந்து மூடிக்கு அனுப்பு. போய்க்கிட்டே இருப்பாங்க."

"கிளம்பறவங்கள கையப் பிடிச்சு நிறுத்தற மாதிரி இருக்காது?"

"அத நீ சொல்றியா? போன வாரம் உன் வீட்டு வாசல்ல கோட்டை மாட்டிக்கிட்டு முக்கால் மணி நேரம் வேர்த்துப்போய் நின்னேன்."

அந்த ஊர்ப் பக்கத்தில் யாரும் விடைபெற்ற கையோடு போவதில்லை. நாற்காலியை விட்டு எழுந்து கொஞ்சம் பேச்சு, கதவருகே கொஞ்சம், கார் கண்ணாடியைத் தட்டி இன்னும் கொஞ்சம்.

அந்தக் குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகள் முழுவதும் இதில் போயின. அவள் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, எது எதற்கு உறவு என்று யோசித்து முடிச்சுப் போட்டாள். தன் எழுத்தை அவள் அதிகம் மதித்ததில்லை. ஆனாலும், வாங்கிய கடை மூடிப் பத்து வருஷமான ஜாடியைப் பற்றி ஓரிடத்திலும், அதே ஜாடி உடைந்த நாளைப் பற்றி இன்னோரிடத்திலும் எழுதியிருப்பதைக் கண்டபோது, தன் வாழ்க்கை தான் நினைத்ததைவிடக் கொஞ்சம் ஒழுங்காக நடந்திருக்கிறது என்று தோன்றியது.

தக்காளி என்ற சொல் வந்த அறுபத்திரண்டு இடங்களிலிருந்தும் தன் முதல் தக்காளிப் பதிவுக்கு அவள் வழி போட்டாள். நூற்று நாற்பது பேர் கருத்து எழுதிய பதிவு அது ஒன்றுதான்.

பலன் இருந்தது. முக்கியமாக ஹார்வி வந்தார். கனடாவில், சஸ்காட்சுவானில் எங்கோ இருப்பவர், முப்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், ஜாடியில் எதையும் அடைத்துப் பழக்கமில்லாதவர். ஞாயிறுதோறும் எழுதுவார். "இன்று ஆறு திருப்பம் திரும்பினேன். பீட்ரூட்டில் புறப்பட்டு ஆப்பிள் ஜாமில் இறங்கினேன். வழியில் உங்கள் கணவர் கூரையிலிருந்து விழுந்தார்." அவள் ஒரு பதிவின் நடுவிலேயே ஊர்ப் பெயரைக் கேட்டதற்கு, "லாரிக்காரன் வீட்டு விலாசம் சொன்னால் சாமான் ஏற்றச் சொல்லி ஆள் வந்துவிடும்" என்று பதில் எழுதினார்.

கணவன் டுவேன் சில சமயம் காப்பிக் கோப்பையோடு வந்து தோளுக்கு மேலாகப் படிப்பான். "இந்த ஆளு மோசமில்ல" என்பான். அவன் வாயிலிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டு அதுதான்.

செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை, பள்ளி முடிந்து வந்து திரையைத் திறந்தாள். முதல் தக்காளிப் பதிவின் கீழே ஹார்வியின் புதிய கருத்து இருந்தது. "பதினோரு ஜாடி போட்டுவிட்டேன்! நீங்கள் சொன்னபடியே, தக்காளியும் உப்பும் மட்டும். இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு எங்கள் சர்ச்சின் அறுவடை விருந்து. மக்ரோனி சாலட்டில் ஜாடியிலிருந்து அப்படியே கொட்டி, குளிரக் குளிரப் பரிமாறுவேன்."

தக்காளியும் உப்பும் மட்டும். எலுமிச்சைச் சாறு இல்லை.

அந்தப் பதிவை எழுதிய காலத்தில் அவள் வீட்டில் யாரும் எலுமிச்சை விட்டதில்லை. ஐந்து வருஷம் கழித்து மாவட்ட அலுவலகம் நடத்திய வகுப்பில்தான் தெரிந்துகொண்டாள்: தக்காளிக்குப் புளிப்பு போதாது; பெரிய ஜாடிக்கு பாட்டிலில் விற்கும் எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி விடாவிட்டால் காற்றில்லாத ஜாடிக்குள் விஷம் வளரலாம். வாசனை காட்டாது, நிறம் காட்டாது, ஆளைக் கொல்லும். அன்றைக்கே தன் தவறை ஒப்புக்கொண்டு புதிய பதிவு எழுதினாள். அதிலிருந்து பழையதற்கு வழியும் வைத்தாள். பழையதிலிருந்து புதியதற்கு வைக்கவில்லை. பழைய பதிவுக்குத் தனக்குப் பின்னால் என்ன வரப்போகிறது என்பது தெரியாது. தெரிந்தவர் திரும்பிப் போய்ச் சொன்னால்தான் உண்டு, அவள் போகவில்லை. போகாததோடு, அறுபத்திரண்டு இடங்களிலிருந்து ஆட்களை அங்கே அனுப்பியும் வைத்திருக்கிறாள்.

ஹார்வி கருத்துப் பெட்டியில் கொடுத்திருந்த மின்னஞ்சலுக்கு எழுதினாள். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. விளம்பரத் தொல்லைக்குப் பயந்து ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டிருக்கிறார். கருத்தின் கீழே பதில் எழுதினாள். தான் கருத்து எழுதிய இடத்துக்கு அவர் மறுபடி வந்ததே கிடையாது.

சனிக்கிழமை காலை காரின் வந்து, எல்லாப் பக்கத்தின் தலையிலும் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வைத்தாள்.

"இத எவனும் தாண்ட முடியாது."

"இவர் தாண்டுவார். மேல மினுக்கறதெல்லாம் ரோட்டோர விளம்பரம் மாதிரி, கண்ணு அதுல போகாதுன்னு ஒரு தடவ எழுதினாரே."

"அப்ப முகப்புல பெரிசா ஒரு பதிவு போடேன்" என்றான் டுவேன்.

"அவர் முன்வாசல் வழியா வந்ததே இல்ல, டுவேன். ஏதோ ஒரு பக்கத்தைச் சேமிச்சு வச்சிருக்கார், அங்கேர்ந்து கிளம்பறார். அது எதுன்னு எனக்குத் தெரியாது."

"அப்ப எங்கதான் பாப்பார்?"

வெர்னெட் ஒரு பழைய பதிவைத் திறந்தாள். பிறகு சொன்னாள்: "லிங்க்கத் தேடுவார். அடுத்து எங்க திரும்பலாம்னு."

முதலில் பழைய பதிவின் தலைமாட்டில் எலுமிச்சைச் சாற்றை எழுதினாள். பிறகு, இணைப்பு இருந்த ஒவ்வொரு பத்திக்குள்ளும் போய், இணைப்புக்கு முந்தைய வரியில், தன் வழக்கமான எழுத்திலேயே எழுத ஆரம்பித்தாள். ஒரே வரியை வெட்டி ஒட்டினால் அவர் கண் பழகிவிடும். ஆகவே பக்கத்துக்கு ஒன்றாக எழுதினாள். "ஹார்வி, இங்கேயே நில்லுங்கள், அந்தப் பதினோரு ஜாடியில் ஒன்றையும் திறக்காதீர்கள்." "ஹார்வி, மூடியைப் பற்றி அப்புறம் படிக்கலாம், என் தக்காளிப் பதிவு தப்பு." "ஹார்வி, ருசி பார்க்கவும் கூடாது, தயவுசெய்து."

சனி, ஞாயிறு, வேலை முடிந்த ஒவ்வொரு பிற்பகல். புதன்கிழமைக்குள் நூற்றைம்பது பக்கம் ஆயிற்று. அந்த ஞாயிறு ஹார்வியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பள்ளியில் அவள் உருளைக்கிழங்கில் இரண்டு முறை உப்புப் போட்டாள். வேறு வாசகர்கள் எழுதத் தொடங்கினார்கள்: யார் இந்த ஹார்வி? கிடைத்தாரா?

வெள்ளி பிற்பகல், ருபார்ப் தண்டைக் கழுவுவது எப்படி என்ற நாலு வரிப் பதிவின் கீழே ஒரு கருத்து வந்தது. அந்தப் பதிவை அவளே மறந்துபோயிருந்தாள்.

"அம்மணி, போன ஞாயிறு மகள் வீட்டில் இருந்தேன். இன்று மூன்றாவது திருப்பத்தில் உங்கள் பலகையைப் பார்த்து பிரேக் போட்டேன். பதினொன்றையும் மூட்டை கட்டிக் குப்பையில் சேர்த்தாயிற்று. விருந்துக்கு முட்டைகோஸ் கொண்டுபோகிறேன். ஒரு சந்தேகம். இப்படிப் பெயர் சொல்லிக் கத்தியது என் ஒருவன் காதில் மட்டும் விழுந்ததா, இல்லை ஊருக்கே கேட்டதா?"

வெர்னெட் இரண்டு முறை படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"டுவேன், அந்த மனுஷன் உயிரோட இருக்கார்."

"மோசமில்ல" என்றான் டுவேன். சமையலறைக்குப் போனவன் தேவையே இல்லாமல் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சற்று நேரம் அங்கேயே நின்றான்.

திங்கட்கிழமை காரின் வலைப்பூவின் வருகைக் கணக்கைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாள். "ஒரு ஆளு சராசரியா ஒன்பது பக்கம் படிச்சிருக்கான்! எல்லாரும் ஹார்வியத் தேடிக்கிட்டுப் போயிருக்காங்க. நான் அன்னிக்கே சொன்னேன், பாத்தியா?"

"நீ சொன்னதக் கேட்டுத்தான் இந்த வம்பே."

"சரி, அந்த வரியெல்லாம் எடுத்துடலாமா?"

வெர்னெட் அதைப் பற்றி முன்பே யோசித்திருந்தாள். எந்தப் பக்கத்தின் வழியாக யார் வருவார் என்று சொல்ல முடியாது. இன்னும் பத்து வருஷம் கழித்து, வினிகர் அளவு தேடி வந்த யாரோ ஒருத்தி "ஹார்வி, ருசி பார்க்கவும் கூடாது" என்பதைப் படித்துவிட்டு, அவருக்கு என்ன ஆயிற்றோ என்ற கவலையோடு கிளம்பிப் போகக் கூடாது. எச்சரிக்கையை எடுப்பதும் சரியாகப் படவில்லை.

அன்று பிற்பகல் அவள் முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். ஹார்வியின் பெயர் இருந்த ஒவ்வொரு வரியின் கீழும் ஒரு வரி சேர்த்தாள்: "அவர் நலம். முட்டைகோஸ் கொண்டுபோனார்." முட்டைகோஸ் என்ற சொல்லில் ஒரு இணைப்பு, ருபார்ப் பதிவின் கீழே ஹார்வி எழுதிய கருத்துக்கு.