ஆரத்தித் தண்ணீர் விமானம் ஏறிய கதை

மலாக்காவுக்குக் கோட்டு சூட்டோடு வெளிநாட்டுக்காரர் யாராவது வந்து இறங்கினால் மூன்று தரப்புக்கு வேலை வரும். கொம்பாங் மேளம் அடிக்கிற மலாய்க்காரர்கள், சிங்க ஆட்டம் ஆடுகிற சீனர்கள், எங்கள் மெர்லிமாவ் பவானேஸ்வரி. மற்றவர்கள் குழுவாக வருவார்கள். நம் இனத்துக்கு இவள் ஒருத்தி போதும் என்று மேலிடத்தில் முடிவு செய்திருந்தார்கள்.

பவானி எனக்கு எதிர்வீட்டுக்காரி. புக்கிட் ரம்பாயில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில், கையுறைக்குள் காற்றடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அவளைப் பண்பாட்டுத் தூதராக மாற்றியது மலாக்கா கடல்கடந்த நட்புறவுக் கழகம். அதற்குத் தலைவர் அரசாங்கத்திடம் டத்தோ பட்டம் வாங்கிய ஒருவர். அவர் நம்மவர் இல்லை. ஆரத்தி பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது புகைப்படத்தில் அழகாக விழும் என்பதுதான். செயலாளர் கணேஸ்வரன் நம்ம பையன். விருந்தாளி வருகிற வாரம் அவனிடமிருந்து பவானிக்கு போன் வந்துவிடும்.

"அக்கா, வியாழக்கிழம அரை நாள் லீவு போட்டுருங்க. பச்சப் பட்டு வேணாம், போன தடவ கட்டிட்டீங்க லா."

இவளும் போவாள். ஆரத்தி எடுப்பாள், பொட்டு வைப்பாள், பல் தெரியச் சிரிப்பாள். மறுநாள் பேப்பரில் படம் வரும். விருந்தாளியின் பெயர், டத்தோவின் பெயர், பின்னால் நிற்கிற ஓட்டல் மேனேஜரின் பெயர்கூட இருக்கும். இவளுக்கு மட்டும் 'இந்தியப் பண்பாடு' என்று போட்டிருப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளோ அந்தப் படத்தையும் வெட்டி வைத்துக்கொள்வாள்.

கூலி கிடையாது, புகழ் கிடையாது, இவள் ஏன் போகிறாள் என்று எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லோரும் கேட்பார்கள். எனக்கு மட்டும் தெரியும். பவானி ஜாசின் பக்கத்துத் தோட்டத்துப் பெண். லோரி ஓட்டுகிற காந்தனைக் காதலித்து, கோவிலில் தாலி கட்டிக்கொண்டு, அவன் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து மெர்லிமாவ் வந்து இறங்கினாள். மாமியார் பெத்தம்மாளுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் ஆள் இல்லை. தட்டு இல்லை, விளக்கு இல்லை. சமையலறையிலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

"செருப்ப வெளிய விட்டுட்டு வரச் சொல்லு."

அதுதான் அவளுக்குக் கிடைத்த வரவேற்பு. பிறகு மாமியாரும் மருமகளும் ஒன்றாகி, கடைசிக் காலத்தில் பெத்தம்மாளுக்குச் சோறு ஊட்டியதும் இவள்தான். ஆனாலும் அந்த வாசல் அவள் நெஞ்சை விட்டுப் போகவில்லை. "யாராச்சும் ஒரு தடவ என்னைய வாசல்ல நிறுத்தி சுத்திப் போட்டு, உள்ள வான்னு சொல்லணும்டி" என்பாள். ஊரார்க்கெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தால் என்றைக்காவது தனக்கும் முறை வரும் என்று அவளுக்கு ஒரு கணக்கு.

இதற்கிடையில் கழகம் ஆரத்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேற்றிக்கொண்டு வந்தது. ஒருமுறை ஓட்டலில் கற்பூரப் புகைக்குத் தீ எச்சரிக்கை மணி அலறி, ஒரு தூதர் குடும்பத்தோடு கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினார். அன்றோடு கற்பூரம் தடை. இன்னொரு முறை தட்டு சாய்ந்து ஓட்டல் கம்பளம் சிவந்தது. அன்றோடு பித்தளைத் தட்டும் தடை. 'கண்ணாடி டம்ளரில் வைத்துச் சுற்றவும்' என்று உத்தரவு வந்தது. கடைசியில் ஆரத்தியில் மிஞ்சியது மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீர், விருந்தாளிக்கு ஒன்றாக ஒரு டிரே நிறைய டம்ளர்கள், பவானியின் சிரிப்பு.

போன வருஷம் ஐரோப்பாவிலிருந்து ஒரு துறைமுகப் பட்டணத்தின் நகரத் தலைவர் வந்தார். மலாக்காவோடு நட்பு நகர ஒப்பந்தம் போட வந்த மனிதர், நல்ல வெயிலில் கோட்டைக் கொத்தளமெல்லாம் சுற்றிவிட்டுத் தாகத்தோடு ஓட்டலுக்கு வந்தார். பவானி டிரேயை மூன்று முறை சுற்றினாள். சுற்றி முடித்ததும் அவர் ஒரு டம்ளரை எடுத்து, அவளைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கி, மடமடவென்று குடித்துவிட்டார்.

தன்மேல் பட்ட கண்ணெல்லாம் கழித்து, தெருவில் கொட்ட வேண்டிய தண்ணீரை மனிதர் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டார். கணேஸ்வரனுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "அக்கா, குடிச்சிட்டாரு லா!" என்று முனகினான். அதற்குள் டத்தோவும் ஒரு டம்ளரை எடுத்துவிட்டார். விருந்தாளி குடிப்பதைத் தான் குடிக்காமல் நின்றால் நட்புறவு என்னாவது? டத்தோ குடித்ததைப் பார்த்து அவர் மனைவி டத்தின் குடித்தார். டத்தின் குடித்ததைப் பார்த்து மொத்தக் கூட்டமும் குடித்தது. சுண்ணாம்பு கிள்ளிப் போட்டதுதான் என்பதால் யாருக்கும் பெரிய கெடுதல் இல்லை. டத்தோவுக்கு மட்டும் இரண்டு நாள் வயிறு சரியில்லை. அதையும் பழமையான மூலிகையின் சுத்திகரிப்பு என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நகரத் தலைவர் மேடையில் பேசும்போது, இரண்டு கண்டங்களுக்கு நடுவில் இருந்த தூரம் அந்த ஒரு டம்ளரில் கரைந்துவிட்டது என்றார். பலத்த கைத்தட்டல். அன்றிலிருந்து கழகத்தின் பதிவுகளில் அது 'தமிழர் வரவேற்பு பானம்' ஆகிவிட்டது.

இந்த வருஷம் அந்தப் பட்டணத்திலிருந்து பதில் அழைப்பு வந்தது. எல்லோரும் வாருங்கள், அந்தப் பானத்தையும் கொண்டு வாருங்கள் என்று. டத்தோ, டத்தின், டத்தினின் தங்கை, சில ஆட்டக்காரர்கள், கணேஸ்வரன் எல்லோரும் கிளம்பத் தயாரானார்கள். பவானியின் பெயர் அதில் இல்லை. கணேஸ்வரன் ஒரு பொட்டலம் மைசூர்பாகோடு அவள் வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"அக்கா, அந்தத் தண்ணி எப்படிக் கலக்குறதுன்னு டத்தின் தங்கச்சிக்குச் சொல்லிக் குடுத்துருங்க. அவங்க பாத்துக்குவாங்க."

"உனக்குத் தெரியாதா தம்பி? உங்க வீட்டுல கலக்குனதே இல்லையா?"

அவன் நெளிந்தான். "தெரியும்கா."

"அத என்ன செய்வோம்?"

"ரோட்டுல ஊத்துவோம்."

"டத்தோவுக்கு அது தெரியுமா?"

அவன் மைசூர்பாகு பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினான். பவானி நிதானமாகச் சொன்னாள். "அது கைராசித் தண்ணி தம்பி. நான் கலக்கினாத்தான் பானம். வேற யாரு கலக்கினாலும் நான் போய் டத்தோகிட்ட அது என்னன்னு சொல்லிருவேன்."

அடுத்த வாரம் டத்தினின் தங்கைக்குத் திடீரென்று முதுகுவலி வந்தது. பவானி பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கப் போனாள். இரண்டு நாடுகளின் நல்லுறவு ஒரு பொய்யின்மேல் நிற்கிறது என்பது எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். மற்ற நாடுகளின் நல்லுறவு எதன்மேல் நிற்கிறதோ, யார் கண்டது?

ஆனால் அவளுக்கும் மனசாட்சி உண்டு. இந்த முறை சுண்ணாம்பு வேண்டாம், எலுமிச்சையும் சீனியும் சிவப்புச் சிராப் சர்பத்தும் போதும் என்று முடிவு செய்து, சிராப் புட்டியைச் சேலைகளுக்கு நடுவில் சுருட்டி வைத்தாள். "அவங்க ஊர்ல போய் இறங்குறப்ப வாசல்ல நம்மள வரவேப்பாங்கல்ல?" என்று என்னிடம் எத்தனை தடவை கேட்டிருப்பாள்! அதற்காகத்தான் இத்தனை பாடும். நான் "கண்டிப்பா" என்று சொன்னேனே தவிர, எனக்கு உள்ளுக்குள் பயம்தான்.

அங்கே நடந்ததை அவள் திரும்பி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். நகர மண்டபத்து வாசலில் பஸ் நின்றிருக்கிறது. குளிர் எலும்பைக் குடைகிறது. மேல்படியில் ஒரு வெள்ளைக்கார அம்மா டிரேயோடு நிற்கிறார். டிரேயில் சிவப்புச் சிவப்பாக டம்ளர்கள். மலாக்காவில் எடுத்த வீடியோவைப் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். விருந்தாளிகளை அவரவர் ஊர் முறைப்படியே வரவேற்பதுதான் மரியாதை என்று ஏற்பாடு. ஒவ்வொருவருக்கும் மூன்று சுற்று, பிறகு ஒரு டம்ளர்.

பவானி படியில் கால் வைத்தபோது கணேஸ்வரன் கையைப் பிடித்திருக்கிறான்.

"அக்கா, நீங்க இந்த வழியா வராதீங்க. பக்கத்துக் கதவு வழியா கிச்சனுக்குப் போங்க. நம்ம பானம் கலக்கணும், டைம் இல்ல."

"போறேன். உள்ள போனப்புறம் போறேன்."

"அக்கா, நீங்க விருந்தாளி இல்ல, ஸ்டாஃப் லா!"

"விடு தம்பி. நான் இதுக்குத்தான் வந்தேன்."

சிராப் புட்டி இருந்த பையை அவன் கையில் கொடுத்துவிட்டு, டத்தினுக்குப் பின்னால் போய் நின்றிருக்கிறாள். டத்தின் திரும்பிப் பார்த்து முறைத்தாராம். முறைக்கட்டும். அந்த வெள்ளைக்கார அம்மாவுக்கு யார் டத்தின், யார் கையுறை ஊதுகிறவள் என்று தெரியாது. இவள் முகத்தைப் பார்த்துச் சிரித்து, டிரேயைத் தூக்கி இவளைச் சுற்றியிருக்கிறார். இடமிருந்து வலமா, வலமிருந்து இடமா என்றுகூட இவள் பார்க்கவில்லை. மூன்று சுற்று முடிந்ததும் வாசலைக் காட்டி அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாராம். உள்ளே வா என்பதை எந்தப் பாஷையில் சொன்னாலும் புரியுமே. இவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் இதைச் சொல்லும்போது எனக்கும் நிறைந்துவிட்டது.

அதற்கப்புறம் அந்த அம்மா டம்ளரை நீட்டியிருக்கிறார்.

"வாங்கி என்னடி செஞ்ச?" என்று கேட்டேன். "கீழ ஊத்திட்டியா?"

"குடிச்சிட்டேன்."

"ஐயோ, சுத்திப் போட்ட தண்ணியையா?"

"பீட்ரூட்டு. உப்பும் இல்ல, சீனியும் இல்ல. வாயில வைக்க முடியல" என்றாள் பவானி. "ஆனா எனக்குன்னு ஒருத்தங்க சுத்தினதுடி. அத எப்படிக் கொண்டுபோய் ரோட்டுல கொட்டுவேன்?"