கனத்த வயரும் சின்ன சார்ஜரும்

எங்கள் பழைய வேனின் பேட்டரிக்கு வீட்டில் சின்ன சார்ஜரில் சார்ஜ் ஏற்ற ஒரு பகல் ஆகும். "கனத்த வயரு போட்டா ஒரு மணி நேரத்துல ஏறிரும்" என்று என் வீட்டுக்காரர் மோட்டார் வயரை இழுத்து சார்ஜரில் மாட்டினார்.

அன்றைக்கே நிறைமாதமாக இருந்த என் தங்கைக்கு இடுப்பு வலி கண்டது. ஒரு மணி நேரம் ஏறிய பேட்டரியை நம்பி அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். திருச்சுழி தாண்டி, அவள் வாந்தியெடுக்க நிறுத்திய வேன் மறுபடி கிளம்பவில்லை.

"அந்தக் கனத்த வயரைக் கட்டி இழுங்க இப்ப!" என்று கத்தினேன்.

பக்கத்துக் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து தள்ளினார்கள். வேன் உறுமியது. அருப்புக்கோட்டையில் சுகப்பிரசவம்.

எவ்வளவு கனத்த வயர் போட்டாலும் சார்ஜர் தன் அளவுக்குத்தான் ஏற்றும் என்று பிறகு மெக்கானிக் சொன்னார். இப்போது வேன் வீடு திரும்பியதுமே சார்ஜரை மாட்டிவிடுகிறேன்.

அந்தப் பெண்கள் வழியில் பார்த்தால் இன்றும் கேட்கிறார்கள்: "எங்கத்தா, நாங்க தள்ளிவிட்ட பிள்ளை?"