கருணாகரனுக்குச் சாட்சி சொன்னவள்

பஸ் டிரைவர் மேல் வேகக் கேஸ் போட்டால் மதராஸில் யாரும் வழக்காடுவதில்லை. கோர்ட்டுக்குப் போவான், "தப்புதான் எஜமான்" என்று ஒரு கும்பிடு போடுவான், முதலாளியின் ஆள் அபராதத்தைக் கட்டுவான், மத்தியானமே பழையபடி வண்டியில் ஏறிவிடுவான். கருணாகரனும் இரண்டு முறை அப்படித்தான் செய்தான். மூன்றாம் முறை மாட்டேன் என்றான். யார் அதட்டினாலும் தலையைக் குனிந்துகொண்டு போகிற மனுஷன்! எனக்கே நம்பிக்கை வரவில்லை.

ராயபுரத்தில் நானும் அவனும் ஒரே வீட்டில் ஒண்டுக்குடித்தனம். நடுவில் ஒரு சுவர். என் பக்கம் என் பெண்டாட்டி முத்தம்மா, என் பிள்ளைகள், என் மச்சான், எல்லோருமாகச் சேர்ந்து போடுகிற கூச்சல். எனக்கு ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டைக் கணக்கு வேலை, அங்கும் கூச்சல்தான். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே கிடையாது. ஒரு சட்டி அடுப்பில் ஏறும், இறங்கும். அவ்வளவுதான். ஒருவன் வீட்டில் இருக்கிறானா இல்லையா என்று புகையைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம்.

அவனுடைய அப்பா அம்மா வியாசர்பாடியில் ஒரே காய்ச்சலில் போனார்கள். பிறகு யாரோ ஒரு துரை வீட்டில் மோட்டார் துடைத்து, அங்கேயே ஓட்டக் கற்றுக்கொண்டு, துரை சீமைக்குக் கப்பலேறியதும் பஸ்ஸுக்கு வந்தான். கல்யாணமும் நடந்தது. அம்மு என்று பெயராம். தலைப்பிரசவத்தில் தாயும் பிள்ளையும் சேர்ந்தே போய்விட்டார்கள். இதையெல்லாம் அவன் வாயிலிருந்து பிடுங்குவதற்குள் எனக்குப் பேஜாராகிவிட்டது. "இன்னொருத்தியைக் கட்டிக்கோயேன்" என்று முத்தம்மா சொன்னால், "பாக்கலாம்க்கா" என்பான். எதைப் பார்ப்பான்?

ஆனால் ஒரு நாள் ஏதோ வேலையாக அவன் பஸ்ஸில் திருவொற்றியூரிலிருந்து ஏறி வந்தேன். அட, இவனா அவன் என்று ஆகிவிட்டது. விடிகாலை வண்டி அது. குப்பத்துப் பெண்கள் மீன்கூடைகளோடு ஏறி, கூரை பறக்கிறமாதிரி கத்திக்கொண்டு வருவார்கள். "கருணா, மிதிடா!" என்பாள் ஒருத்தி. "கருணா, பீச்சு ரோட்டுக்காரிங்க முன்னாடி பூட்டாளுங்க, உனுக்கு வெக்கமா இல்ல?" என்பாள் இன்னொருத்தி. மார்க்கெட்டில் முதலில் இறங்குகிற கூடைக்குத்தான் விலை; அதனால் அவர்களுக்கு பஸ் என்றால் வேகம்தான். இவன் ரோட்டைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டே ஓட்டுகிறான். பதில்கூடச் சொல்கிறான்! உலகத்தில் இவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடம் அது ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

மூன்றாவது கேஸ் வந்த விதத்தைக் கேட்டால் யாருக்கும் வயிறு எரியும். அன்று மலர்க்கொடி என்று ஒரு நிறைமாதக்காரி முன்சீட்டில் இருந்தாள். ராயபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவள். மழை பெய்து ரோடெல்லாம் பள்ளம். இவன் தலையில் தண்ணீர்க்குடம் வைத்துக்கொண்டு நடப்பவன் மாதிரி வண்டியை நகர்த்தினான். டோல்கேட் தாண்டியதும் பின்னால் வந்த வேறு ஒரு பஸ் இவனை ஒதுக்கிவிட்டுப் பறந்தது. அங்கே கையில் கடிகாரத்தோடு நின்ற சார்ஜெண்டு விசில் ஊதினான். பறந்தவன் நிற்கவில்லை. விசில் கேட்டதும் இந்தப் புண்ணியவான் நின்றான். நின்றவனுடைய நம்பரை எழுதிக்கொண்டார்கள். முடிந்தது கதை.

போன தடவையே மாஜிஸ்திரேட் சொல்லியிருந்தார்: இன்னொரு தரம் இங்கே வந்தால் லைசென்ஸ் போய்விடும் என்று. முதலாளி, "ஒத்துக்கினு போ, அப்பால பாத்துக்கலாம்" என்றாராம். அப்பால் என்ன பார்ப்பது? லைசென்ஸ் போனால் பஸ் போகும். பஸ் போனால் அவனுக்கு அந்தச் சுவர்தான் மிச்சம். அதற்காகத்தான் அவன் "நான் வேகமா போவல எஜமான்" என்று சொல்லிவிட்டு வந்தான். சாட்சி இருந்தால் கூட்டிக்கொண்டு வா என்று தேதி போட்டார்கள்.

"யாரு வருவாங்க சுப்புராயா?" என்றான் என்னிடம்.

"பஸ் நெறையப் பொம்பளைங்க இருந்தாங்களே, கேளேன்."

"நான் எப்டிக் கேக்கறது?"

கேட்டுத் தொலைய வேண்டியதுதானே! வாய் வராது இவனுக்கு. மலர்க்கொடி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். மற்றவர்களுக்கு மார்க்கெட்டை விட்டு வரமுடியாது. அதோடு கோர்ட்டு என்றால் பயம். கடைசியில் நானே குப்பத்துக்கு நடந்தேன். செல்லம்மா என்று ஒருத்தி. அந்தப் பஸ்ஸில் அவள் குரல்தான் பெரிய குரல். அன்று வழி முழுக்க அவள்தான் கருணாகரனைத் திட்டிக்கொண்டு வந்தவள். மெதுவாகப் போனான் என்பதற்கு இவளைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

"எங் கருணாவுக்கா கேஸு?" என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "நான் வரேன் நைனா. எந்த சார்ஜன் எதுர்ல வேணும்னாலும் சொல்றேன்."

"அன்னிக்கு நடந்தத அப்டியே சொன்னா போதும்" என்றேன். தெளிவாகச் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன்.

இதைக் கருணாகரனிடம் சொன்னபோது அவன் சட்டி கழுவிக்கொண்டிருந்தான். கையை நிறுத்திவிட்டு, "அவங்களே வரேன்னாங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். சற்றுக் கழித்து மறுபடியும், "அவங்களாவா?" என்றான்.

கோர்ட்டன்று செல்லம்மா புதுச்சேலை கட்டி, கொண்டையில் பூ வைத்து வந்தாள். மீன்கூடையை வாசலில் வெற்றிலைக்காரியிடம் விட்டிருந்தாள். உள்ளே சார்ஜெண்டு இங்கிலீஷில் என்னவோ ஒப்பித்தான். மாஜிஸ்திரேட் நம்மவர்தான், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "உன் சாட்சி யார்?" என்றார். செல்லம்மா கூண்டில் ஏறினாள்.

"அன்றைக்கு நீ அந்த பஸ்ஸில் இருந்தாயா?"

"இருந்தேன் சாமி."

"வண்டி எப்படிப் போயிற்று? மெதுவாகப் போனதாக இவன் சொல்கிறான்."

செல்லம்மா கருணாகரனைப் பார்த்தாள். சார்ஜெண்டைப் பார்த்தாள். பின்னால் பெஞ்சில் முதலாளியின் ஆள் உட்கார்ந்திருந்தான், அவனையும் பார்த்தாள். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"மெதுவாவா? யாரு சொன்னா? இந்தப் புள்ள வாயில்லாத புள்ள, அது எதுனா சொல்லும். இவன் வண்டிய முந்த இந்த ரோட்ல வண்டியே கெடையாது சாமி! காத்தா போவும். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, எங்க மீன்கூட லேட்டா எறங்கினது கெடையாது. அன்னிக்கும் அப்டித்தான். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள டோல்கேட்டு!"

கோர்ட்டில் சிரித்தார்கள். சார்ஜெண்டே சிரித்தான். அடிப்பாவி! எதைச் சொல்லச் சொன்னால் எதைச் சொல்கிறாள்!

மாஜிஸ்திரேட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கெட்டவர் இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கருணாகரனிடம் சொன்னார்: "இதோ பார். உன் சாட்சியே உனக்கு எதிராகப் பேசுகிறாள். இவள் சொல்வது பொய் என்றால் இப்போதே சொல். நான் எழுதிக்கொள்கிறேன். பொய் சொல்கிறாளா?"

சொல்லுடா, சொல்லித் தொலையேன் என்று நான் பல்லைக் கடித்தேன். ஒரு வார்த்தை. "ஆமாம் எஜமான்." அதற்குமேல் ஒன்றும் வேண்டாம்.

கருணாகரன் கூண்டைப் பார்த்தான். செல்லம்மா அவனைப் பார்த்து, பயப்படாதே என்கிறமாதிரி தலையை ஆட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு. தன் பிள்ளையைப் பற்றி வாத்தியாரிடம் நல்லதாகச் சொல்லிவிட்ட தாய்க்கு அப்படித்தான் இருக்கும்.

"அவங்க சொன்னது நெசந்தான் எஜமான்" என்றான்.

மாஜிஸ்திரேட் பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார். செல்லம்மா இறங்கி, கூடைக்கு ஓடுகிற அவசரத்தில் என்னைத் தாண்டும்போது காதோரம் சொன்னாள்: "பாத்தியா? மெதுவா ஓட்றவன்னு அம்மாம் பேரு எதுர்ல சொல்லிட்டா, நாளைக்கு எவ ஏறுவா அவன் வண்டில? மொதலாளி ஆளு வேற குந்திகினு கீறான், அபராதம்னா அவன் கட்டிட்டுப் போறான். அந்தப் பொழப்பக் கெடுக்க நான் இன்னா அப்டிப்பட்டவளா?" சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள். குப்பத்தில் டிரைவரை நேரில் எவ்வளவும் திட்டுவார்களாம். வெளியாள் எதிரில் மெதுவானவன் என்று சொல்வது மட்டும் அவன் சோற்றில் மண் போடுகிற பேச்சாம். அதைக் கூட்ஸ் ஷெட்காரன் நான் எங்கே கண்டேன்?

தீர்ப்பை அவள் கேட்கவில்லை. அபராதம், லைசென்ஸ் ரத்து.

வீடு வரைக்கும் நான் அவனை விடாமல் திட்டினேன். "ஒனக்கு மூள இருக்கா? நீ மெதுவாப் போனது ஒனக்குத் தெரியாதா? அவளுக்குத் தெரியாதா? ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு என்னா கேடு?"

கல்மண்டபம் பக்கம் வரும்போது அவன் சொன்னான்.

"எனுக்காக இதுவரிக்கும் யாரும் வந்து நின்னதில்ல சுப்புராயா. அவங்க யாவாரத்த வுட்டுட்டு, பூ வச்சிகினு வந்தாங்க. அம்மாம் பேரு எதுர்ல அவங்கள பொய்க்காரின்னு சொல்லச் சொல்றியா?"

எனக்குக் கோபம் போய்விட்டது. அதற்கப்புறம் திட்டவில்லை. அன்று முத்தம்மா இரண்டு பேருக்குமாகச் சோறு போட்டாள். அவன் தட்டை எடுத்துக்கொண்டு தன் பக்கம் போய்விட்டான்.

மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது அவன் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு ரோட்டோரம் நின்றிருந்தான். பஸ் வந்தது. ஓட்டினவன் யாரோ புதியவன். ஜன்னலில் செல்லம்மாவின் தலை தெரிந்தது.

"இன்னா கருணா, இன்னிக்கு லீவா?"

"ஆமாக்கா, லீவு."

"நாளிக்கு வந்துடு நைனா. இவன் சொம்மா உருட்டிகினு கீறான்!"

கருணாகரன் சிரித்தான். பஸ் போய்விட்டது. அவளிடம் நான் போய் உண்மையைச் சொல்கிறேன் என்று துள்ளினேன். வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அடுத்த நாளும் அதே இடத்தில் நின்றான். அந்த பஸ் வந்தது. உள்ளே ஒரு கூடையும் இல்லை. புது ஆள் மெதுவாக ஓட்டுகிறான் என்று பெண்கள் எல்லோரும் கடற்கரை ரோட்டில் போகிற வேறு பஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள். அது எங்கள் பக்கம் வருவதில்லை.